காளானுக்கு நீலமே பச்சைக்கொடி

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எங்கள் கள்ளிக்காட்டில் ரப்பர் வெட்டு நின்றுபோகும். ஊரின் பெயரில்தான் கள்ளி இருக்கிறது; நெய்யாறு அணையைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ரப்பர் மரம்தான். பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மழைநீரோடு மரத்தில் வழிந்துவிடும். மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையிலும் வெட்டுகிற தோட்டங்கள் உண்டு. சிறிய தோட்டக்காரர்கள் பலர் அந்தச் செலவுக்குத் துணிவதில்லை. ஆகவே வெட்டுக்காரர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

2023ஆம் ஆண்டு ஜூனில் அப்படி இருந்தவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். அவர் மனைவி, வயதில் எனக்குத் தங்கை போன்றவர், மழைக்காலத்தைக் கடக்க ஒரு வழி கண்டிருந்தார். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் 15,000 ரூபாய் கடன் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு, பால் காளான் வளர்க்க ஆரம்பித்திருந்தார். வைக்கோலை வேகவைத்து, பிளாஸ்டிக் பையில் அடுக்கடுக்காய் வித்துத் தூவி, நாற்பது படுக்கைகள் கட்டியிருந்தார். ஒரு காலை வேளையில் முறத்தில் எதையோ ஏந்திக்கொண்டு என் வீட்டுப் படியேறினார்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. கூண் வந்திருக்கு. ஆனா கொடையக் காணல்லியே!"

எங்கள் பக்கத்தில் காளானைக் கூண் என்றுதான் சொல்வோம். மலையாளமும் தமிழும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஊர் இது. முறத்தில் கிடந்ததைக் காளான் என்று சொன்னால்தான் தெரியும். சுண்டுவிரல் பருமனில் சாண் நீளத்துக்குத் தண்டு. உச்சியில் மிளகு பருமனில் ஒரு குமிழ். சந்தையில் பால் காளான் என்று கேட்டு வருகிறவர்கள் இதைக் கையால் தொடக்கூட மாட்டார்கள். பாதிப் படுக்கைகளில் இப்படி என்றால், அடுத்த மாதத் தவணைக்கு எங்கே போவது? அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகத்தில் இருந்தது.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். படிப்பு பொறியியல் பட்டயம். காளானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது குழம்பில் எப்படி இருக்கும் என்பதுதான். ஆனாலும், ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாத தொழில் நோய் எனக்கு உண்டு. கொட்டகைக்குள் போனேன். ஓலைக் கூரை ஒழுகியதால் அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். உள்ளே நல்ல இருட்டு. நடுவில் ஒரு சிவப்பு பல்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் போடுவோமே, அந்த ஜீரோ வாட் பல்ப்.

"கூணுக்கு இருட்டுதானே வேணும்? ஆனா கொஞ்சம் வெளிச்சமும் வேணும்னு ஒருத்தர் சொன்னாரு. அதான் சாமி பல்ப எடுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

முதலில் எனக்குச் சந்தேகம் காற்றின் மேல். காளானும் நம்மைப் போல மூச்சுவிடுகிறது. பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. மூடிய அறையில் அந்த வாயு தேங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும் என்பது காளான் வளர்ப்பவர்கள் அறிந்த விஷயம். எனவே கீழே இரண்டு, மேலே இரண்டு என்று கொட்டகைச் சுவரில் திறப்பு வைத்தோம். மழைச் சாரல் அடிக்காமல் இருக்கத் தகரத்தில் சிறு கூரையும் வைத்தேன். காற்று நன்றாக ஓடியது. ஒரு வாரம் கழித்து வந்த மொட்டுகளும் அதே ஈர்க்குச்சிக் கூட்டம்தான்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு பல்ப் என் கண்ணில் உறுத்தியது. அதற்குக் காரணம் என் பழைய உத்தியோகம்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1983ஆம் ஆண்டில் பல சிறிய ஸ்டேஷன்களில் கைகாட்டி மரம்தான் சிக்னல். இரவில் அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். கை ஏறி இறங்கும்போது அதோடு சேர்ந்து சிவப்புக் கண்ணாடியோ பச்சைக் கண்ணாடியோ விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும். பச்சைக் கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால், புதிதாகச் சேர்ந்தவன் திகைத்துப் போவான். அது பச்சையாக இருக்காது. கடல் நீலம் கலந்த நிறமாக இருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அதில் நீலம் மிகக் குறைவு. அந்த மஞ்சள் சுடரை நீலப்பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் டிரைவர் கண்ணுக்குச் சுத்தமான பச்சை தெரியும். விளக்கு கொடுப்பது பாதி, கண்ணாடி விடுவது பாதி என்று எங்கள் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, அதில் எந்த நிறம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். சாமி பல்பின் சிவப்பில் நீலம் என்பது அறவே இல்லை.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் என் தங்கை மகளுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "மாமா, காளான் நீலத்தைத்தான் பாக்கும். சிவப்பு போட்டா அதுக்கு அது இருட்டு மாதிரிதான்" என்றாள். அடுத்த வாரம் பாறசாலை வழியாக வந்தவள் ஒரு கட்டுக் காகிதங்களையும் கொண்டுவந்து தந்தாள். மழையும் விடவில்லை, எனக்கும் வேறு வேலையில்லை. படித்ததில் எனக்குப் புரிந்ததை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காளான் செடி அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. வெயிலில் உணவு சமைக்கத் தெரியாது. மட்கிய வைக்கோலையும் மரத்தையும் கரைத்து உண்டு பிழைக்கிறது. அப்படியானால் அதற்கு வெளிச்சம் எதற்கு? 'நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்' என்று நாம் ஏளனமாகச் சொல்வோம். உண்மையில் அந்தக் காளான் பல நாட்களாக, பல வாரங்களாக மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ வெண்ணிற இழைகளாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று. நாம் பார்க்கும் குடை, அதன் சிதல்களை, அதாவது விதை போன்ற நுண்தூளைக் காற்றில் விடுவதற்கான மேடை மட்டும். மண்ணுக்குள் குடை விரித்துப் பயனில்லை. வெளியே காற்றோட்டமுள்ள இடத்துக்கு வந்துவிட்டோமா என்று இழைக்குத் தெரிய வேண்டும். மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குக் கீழே வெளிச்சம் போவதில்லை. ஆகவே வெளிச்சம் பட்டால் வெளியே வந்தாயிற்று என்று பொருள். செடிக்கு வெளிச்சம் சோறு என்றால், காளானுக்கு அது ஸ்டேஷன் மாஸ்டர் அடிக்கும் மணி.

அந்த மணியும் பெரும்பாலும் நீல நிறத்தில்தான் அடிக்கிறது. அலைநீளத்தில் சொன்னால் 400 முதல் 500 நானோமீட்டர் வரை. சிவப்பையும் உணர்கிற பூஞ்சைகள் சில உண்டு. ஆனால் நீலத்தை உணரும் ஏற்பாடுதான் பூஞ்சை உலகத்தில் பரவலாகக் காணப்படுவது.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் இயற்பியல்காரர் என்பது எனக்கு மகிழ்ச்சி அளித்த செய்தி. மாக்ஸ் டெல்புரூக் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்ததற்காக 1969இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆனால் 1950களிலிருந்தே அவருடைய மனம் போயிருந்தது ஃபைக்கோமைசிஸ் என்ற சாதாரணப் பூசணத்தின் மேல். அதிலிருந்து தலைமயிர் போன்ற ஒரு தண்டு பல சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பும். அத்தனை உயரமும் ஒரே ஒரு செல். மணிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். பக்கவாட்டில் நீல வெளிச்சம் காட்டினால் அந்தப் பக்கம் வளைந்துவிடும். நட்சத்திர வெளிச்சம் போன்ற மங்கலிலிருந்து உச்சி வெயில் வரை, ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசத்துக்குள் அது வேலை செய்கிறது. எங்கள் சிக்னல் கருவிகளில் பகலுக்கும் இரவுக்கும் வெளிச்சத்தை மாற்றி அமைக்கவே பாடுபட்டிருக்கிறோம். ஆயிரம் கோடி மடங்கு என்பதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தேன்.

அது வளைகிற விதம் இன்னும் வேடிக்கை. வெளிச்சம் வருகிற பக்கம் வளைய வேண்டுமானால், எதிர்ப்பக்கம் அதிகம் வளர வேண்டும் அல்லவா? வெளிச்சம் படுவது முன்பக்கம், வளர்வது பின்பக்கம், இது எப்படி? அந்தத் தண்டு கண்ணாடிக் குழாய் போல ஒளி ஊடுருவக்கூடியது. தண்ணீர் நிறைந்த பாட்டில் வெயிலைக் குவித்து மறுபக்கம் ஒரு பளிச்சென்ற கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலத் தண்டும் லென்ஸாகி வெளிச்சத்தைத் தன் முதுகில் குவிக்கிறது. குவிந்த இடம் வேகமாக வளர்கிறது. இதை நிரூபிக்க, பாரஃபின் எண்ணெய்க்குள் தண்டை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெயின் ஒளிவிலகல் தண்டின் உள்ளிருப்பதைவிட அதிகம். ஆகவே குவிக்க வேண்டிய லென்ஸ் வெளிச்சத்தை விரிக்க ஆரம்பிக்கிறது. தண்டும் வெளிச்சத்தை விட்டு எதிர்ப்பக்கம் வளைகிறது! ஒரு பூசணத்தை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்றால், என் பக்கத்து வீட்டு முறத்தில் நடந்ததும் ஓர் ஏமாற்றுதான் என்று தோன்றியது. டெல்புரூக் 1981இல் காலமானார். வெளிச்சத்துக்கு வளையாத ஃபைக்கோமைசிஸ் ரகங்களுக்கு அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'மேட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பைத்தியம் என்றும் பொருள். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதை வீட்டிலேயே பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வழி உண்டு. கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் புதுச் சாணத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரமாக வைத்து மூடுங்கள். சில நாட்களில் பைலோபோலஸ் என்ற பூஞ்சை, பனித்துளி தாங்கிய குண்டூசிகளைப் போல எழும்பலாம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்புத் தொப்பி. தொப்பிக்குக் கீழே உப்பிய கண்ணாடிக் குமிழ் ஒன்று, அதுவும் லென்ஸ்தான். பாத்திரத்தைக் கறுப்புத் தாளால் சுற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் சிறு ஜன்னல் வெட்டிவிடுங்கள். குமிழில் அழுத்தம் ஏறி வெடிக்கும்போது தொப்பி பறந்துபோய் அந்த ஜன்னலைச் சுற்றித்தான் ஒட்டும். திறந்த வெளியில் அது 2 மீட்டர் வரை சுடும். வெளிச்சத்தை நோக்கிச் சுட்டால் சாணத்தை விட்டு விலகிப் புல்லில் போய் ஒட்டலாம். புல்லோடு இன்னொரு மாட்டின் வயிற்றுக்குள் போகலாம். என் மனைவி முதல் முறை வைத்த பாத்திரத்தைப் பார்த்ததும் வெளியே எறிந்துவிட்டாள். இரண்டாவது பாத்திரத்தைத் தொழுவத்திலேயே ஒளித்து வைத்தேன். ஆறாம் நாள் ஜன்னலைச் சுற்றிக் கடுகு சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

வெளிச்சம் உணர்வது ஒரு பொருளால்தான் நடக்க வேண்டும். அந்தப் பொருள் எது? இதற்கு விடை கிடைத்தது நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சுப் பூசணத்தில். கரும்பு வெட்டியபின் தோகையைக் கொளுத்துவார்கள். அடுத்த சில நாட்களில் கருகிய கட்டைகளில் ஆரஞ்சு மாவு தூவியதுபோல ஒரு படலம் வருவதைக் கரும்பு வயல் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். அதன் சிதல்கள் சூடுபட்டால்தான் விழிக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி 1990களில் இந்தக் கரும்பு வயல்களுக்கே போய் அதன் வாழ்க்கையை ஆராய்ந்தவர். அந்த ஆரஞ்சு நிறம் காரட்டில் உள்ள நிறமியின் உறவுதான். வெயிலின் கேட்டிலிருந்து அது பூசணத்தைக் காக்கிறது. இருட்டில் வளர்த்தால் அதன் இழைகள் வெள்ளையாகவே இருக்கும். நீல வெளிச்சம் காட்டினால் நிறம் ஏறும்.

நீலம் காட்டினாலும் இழை வெளுத்தே இருந்த சில ரகங்கள் சோதனைச் சாலையில் கிடைத்தன. மேலே சிதல்கள் ஆரஞ்சாகவும், கீழே இழைகள் வெள்ளைப் பட்டையாகவும் தெரிந்ததால் அவற்றுக்கு 'வெள்ளைக் காலர்' என்றே பெயர் வைத்தார்கள். நம் அலுவலகக் குமாஸ்தாக்கள் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. எந்த மரபணு கெட்டதால் இப்படி ஆனது என்று தேடிய இத்தாலியர்கள், ரோமில் மசினோவின் குழுவினர், 1996இலும் 1997இலும் இரண்டு மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் முதலாவது உருவாக்கும் புரதம்தான் பூசணத்தின் கண் என்பது 2002இல் உறுதியாயிற்று. பின்னர், 2006இல், டெல்புரூக்கின் ஃபைக்கோமைசிஸிலும் இதே குடும்பத்து மரபணு கெட்டிருந்ததால்தான் அது வளையவில்லை என்று தெரிந்தது.

அந்தக் கண்ணின் உள்ளே இருப்பது நமக்கு நன்கு தெரிந்த பொருள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அதற்குக் காரணம் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின். ஒரு பொருள் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? அது நீலத்தை விழுங்கிவிடுவதால். பூசணத்தின் புரதம் இந்த பி2வின் உறவுப் பொருளைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. நீல வெளிச்சம் பட்டதும் அந்தப் பொருள் புரதத்தோடு ஓரிடத்தில் இறுகப் பிணைகிறது. உடனே புரதத்தின் வடிவம் மாறுகிறது. வெளிச்சத்துக்கான மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன. சிவப்பு வெளிச்சத்தை இந்த மஞ்சள் பொருள் விழுங்குவதில்லை. ஆகவே ஒன்றும் நடப்பதில்லை.

எனக்கு இது ரிலே என்றுதான் புரிந்தது. சிக்னல் அறையில் வரிசை வரிசையாக ரிலேக்கள் இருக்கும். தண்டவாளத்திலிருந்து வரும் மிகச் சிறிய மின்னோட்டம் ஒரு சுருளைக் காந்தமாக்கும். அது ஒரு தொடுமுனையை இழுக்கும். அந்தத் தொடுமுனை எங்கோ இருக்கும் பெரிய வேலையை முடுக்கிவிடும். இங்கே சுருளின் இடத்தில் பி2, மின்னோட்டத்தின் இடத்தில் நீல வெளிச்சம். இழுத்த தொடுமுனை இழுத்தபடியே இருந்தால் கேடு. அதற்கும் பூசணத்திடம் ஏற்பாடு இருக்கிறது. 'விவிட்' என்ற இன்னொரு புரதம், நீல வெளிச்சத்தாலேயே உண்டாகி, முதலாவதை அடக்கி வைக்கிறது. வெளிச்சம் ஒரே அளவில் நீடித்தால் பரபரப்பு தணிந்துவிடும். வெளிச்சம் கூடினால் மறுபடி விழிக்கும். ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசத்தைச் சமாளிக்கப் பூஞ்சைகளுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகள் தேவைதானே.

இதெல்லாம் பூசணம். குடை விரிக்கும் காளானிலும் இப்படித்தானா என்று மருமகளைக் கேட்டேன். அவள் தந்த கடைசிக் காகிதம்தான் எனக்கு முறத்தை நினைவூட்டியது. வைக்கோல் போரில் தானாக முளைத்து, முதிர்ந்ததும் மையாகக் கரைந்துபோகும் மைக்காளான் ஒன்று உண்டு. காளான் படுக்கையில் களையாகவும் வந்து தொல்லை தரும். அதை முழு இருட்டில் வளர்த்தால் தண்டு நீண்டுகொண்டே போகும். குடை மட்டும் மொட்டாகவே நின்றுவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 'இருட்டுத் தண்டு' என்கிறார்கள். வெளிச்சத்திலும் இருட்டுத் தண்டாகவே வளர்ந்த ஒரு ரகத்தை ஆராய்ந்தபோது, அதில் கெட்டிருந்தது வெள்ளைக் காலர் மரபணுவின் உறவுதான் என்று 2005இல் வெளியிட்டார்கள். நல்ல காளான் இருட்டில் எப்படி நிற்குமோ, கண் கெட்ட காளான் வெளிச்சத்திலும் அப்படியே நிற்கிறது.

புத்தகத்தில் படித்ததைப் பக்கத்து வீட்டுக் கடனை வைத்துச் சோதிக்கலாமா என்று தயங்கினேன். அதற்கும் அவரே வழி சொன்னார். "போனது போகட்டு அண்ணாச்சி. அடுத்த தடவை பன்னிரண்டு படுக்கை உங்களுக்கு விட்டுத் தாறேன். மிச்சத்த உங்க மருமக சொன்ன மாதிரி செய்யுதேன்."

படுக்கைகளில் இழை பரவி முடிந்ததும் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, மேலே மண் பூசினோம். மொத்தம் இருபத்து நான்கு அரைப் படுக்கைகள். கொட்டகையின் ஒரு மூலையை ஓலைத் தட்டியால் இரண்டாகத் தடுத்தேன். தட்டிக்கு மேலும் கீழும் இடைவெளி விட்டதால் காற்று இருபுறமும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எல்.இ.டி. குழல் விளக்கு. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் ஒரு நீல விளக்கு. உள்ளே நீலம் எரியும். அதன்மேல் பூசிய மஞ்சள் பொருள் அதில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும். கலந்து வெள்ளையாகத் தெரியும். அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அதிலிருந்து நீலமும் எடுக்கலாம், சிவப்பும் எடுக்கலாம். காட்டாக்கடையில் கலர் ஜெலட்டின் தாள் வாங்கி, ஒரு விளக்குக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் சுற்றினேன். காலை ஆறு மணிக்குப் போட்டு மாலை ஆறு மணிக்கு அணைப்பது அவர் பொறுப்பு. தண்ணீர் தெளிப்பதும் ஒரே கையால், ஒரே அளவு.

உள்ளே போய் நின்றால் சிவப்புப் பக்கம்தான் என் கண்ணுக்கு வெளிச்சமாக இருந்தது. நீலப் பக்கம் மங்கல்; கடிகாரம் பார்க்கச் சிரமம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நான் விளக்கை மாற்றிப் போட்டுவிட்டேன் என்றே முடிவு கட்டினார்.

பத்தாம் நாள் இரண்டு பக்கமும் குண்டூசித் தலைகள் எட்டிப் பார்த்தன. பன்னிரண்டாம் நாள் வரை வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எனக்கு உள்ளூர உதறல். பதினான்காம் நாள் சிவப்புப் பக்கம் தண்டுகள் நீள ஆரம்பித்தன. பதினேழாம் நாள் காலையில் அவர் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். நீலப் பக்கத்துப் பன்னிரண்டு அரைப் படுக்கைகளிலும் தடித்த தண்டு, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் குடை. தட்டிக்கு மறுபக்கம் பழைய முறத்துச் சரக்கு. தராசு கொண்டுவந்திருந்தேன். நிறுத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஒரு கொட்டகை, ஒரு தடவை. விஞ்ஞானிகள் இதைச் சோதனை என்று ஏற்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கொட்டகைக்கான விடைதான்.

இதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கமான ஒரு விஷயம் தெரிய வந்தது. பால் காளான் முதலில் மேற்கு வங்கத்தில் கண்டெடுக்கப்பட்டு 1974இல் பெயர் சூட்டப்பட்ட நம் நாட்டுக் காளான். வெப்பம் தாங்கும் அந்தக் காளானைத் தமிழ்நாட்டில் பரப்பியது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை 1998இல் வெளியிட்டது. அவர்கள் சொல்லும் வளர்ப்பு முறையில், பாதி தரைக்குள் இறங்கிய குடிலுக்கு நீல நிற சில்பாலின் தாளைத்தான் கூரையாகப் போடச் சொல்கிறார்கள். உள்ளே 1600 முதல் 3200 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்றும் கணக்குத் தருகிறார்கள். இரவில் நம் வீட்டுக் கூடத்தில் குழல் விளக்கு தருவது நூறு, இருநூறு லக்ஸ்தான். ஆக, நான் ஜெலட்டின் தாள் சுற்றி மூன்று வாரம் தவம் கிடந்த விஷயம், கோவையில் விவசாயிகளுக்குச் சாதாரணமாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதன் நஷ்டங்களில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

நீலத் தாள் நீலத்தை உண்டாக்குவதில்லை. வெயிலில் இருக்கும் நீலத்தை உள்ளே விட்டு, மற்ற நிறங்களில் பெரும்பகுதியை வெளியே நிறுத்துகிறது. வெள்ளைத் தாள் போட்டாலும் உள்ளே நீலம் வரும்; வெயிலின் மற்ற பகுதிகளும் கூடவே வரும். கறுப்புத் தாள்தான் எதையும் விடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு ஆரம்பத்திலிருந்தே விளக்கைப் போட்டுவிடாதீர்கள். வித்துப் போட்டு இழை பரவுகிற நாட்களில் இருட்டறைதான் வேண்டும். காளானுக்கு இருட்டு வேண்டும் என்ற பேச்சு இந்தக் கட்டத்துக்கு உண்மை. படுக்கையைப் பாழாக்கும் பச்சைப் பூசணமும் நீலத்தைப் பார்க்கும். அது டிரைக்கோடெர்மா இனம். நல்ல மிளகுக் கொடிக்கு மருந்தாக விவசாயிகள் மண்ணில் இடுவதும் இதே இனத்தைத்தான். இருட்டில் வெள்ளை இழையாகப் படர்ந்துகொண்டிருக்கும்போது சிறிது நேரம் நீல வெளிச்சம் காட்டினால் போதும், அந்த நேரத்தில் அதன் விளிம்பு எங்கே இருந்ததோ அங்கே வட்டமாகப் பச்சைச் சிதல்கள் உண்டாகும். நம் காளானுக்கு அடிக்கிற மணி களவாளிக்கும் கேட்கும். நம்முடையது முழுக்கப் பரவி இடம் பிடித்தபின் மணி அடிப்பதே புத்தி.

ஆகஸ்டில் கறுப்புத் தார்ப்பாயை எடுத்துவிட்டு, ஓலையையும் பிரித்து, நீல சில்பாலின் போட்டார்கள். அதற்கு அவர் கணவர் எதிர்ப்பு. கொட்டகை கல்யாணப் பந்தல் போல இருக்கிறதாம். ஓணத்துக்கு முன் வந்த விளைச்சலில் ஒரு தவணை பாக்கியும் நடப்புத் தவணையும் கட்டியாயிற்று. மழை விட்டதும் அவர் விடியற்காலை வெட்டுக்குப் போக ஆரம்பித்தார். நெற்றியில் எல்.இ.டி. விளக்கைக் கட்டிக்கொண்டு கொட்டகையைத் தாண்டும்போது, "ஏய், கூண் முழிச்சிரப் போவுது, அங்க பாத்து அடிக்காதீங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்.

சிவப்பு பல்ப் சாமி படத்துக்கு முன்னால் திரும்பிப் போயிற்று.